மனநோய் என்று சொன்னால் கொலை வழக்கிலிருந்து தப்பிவிடலாமா?

கொலைச் செய்தியின் கடைசியில் 'கைதானவர் மனநலம் பாதிக்கப்பட்டவர் எனக் கூறப்படுகிறது' என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், டீக்கடையிலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். "சர்டிபிகேட் ரெடி பண்ணிட்டாங்க. இனி எல்லாம் நாடகம்." உயிரைப் பறிகொடுத்த குடும்பம் அப்படி அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீதிமன்றத்திலும் மனநல வார்டிலும் நடப்பதைப் பார்த்தால் கவலைப்பட வேண்டியது வேறு பக்கத்தில் என்பது புரியும். இந்த வாதத்தை நிரூபிப்பது கடினம். நிரூபித்தவரும் நேரே வீட்டுக்குப் போக முடியாது. நிஜமாகவே நோயுற்ற ஏழைகள் பலருக்கு அதைக் கேட்கவே வழி தெரியாது. சட்டமும் மனநல மருத்துவமும் சந்திக்கும் இந்த இடத்தைப் பற்றி மக்கள் அடிக்கடி எழுப்பும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம் தேடுவோம்.

மனநோய் இருந்தால் தண்டனை கிடையாது என்று சட்டமே சொல்கிறதாமே?

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-வது பிரிவு, அதற்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-வது பிரிவு, இரண்டும் கேட்பது ஒன்றைத்தான். அந்தச் செயலைச் செய்த நேரத்தில், சித்தம் கலங்கியிருந்த காரணத்தால், தான் செய்வது என்னவென்றே அறிய முடியாத நிலையில் இருந்தாரா? அல்லது அது தவறு, சட்டத்துக்கு விரோதம் என்று உணர முடியாத நிலையில் இருந்தாரா?

'அந்தச் செயலைச் செய்த நேரத்தில்' என்பதில்தான் வழக்கே நிற்கிறது. பத்து வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார் என்பது போதாது. போன மாதம் வார்டில் இருந்தார் என்பதும் போதாது. கோபத்தை அடக்க முடியவில்லை, கை மீறிப் போய்விட்டது என்ற வாதத்துக்கும் இந்தப் பிரிவில் இடமில்லை. மருத்துவம் ஒருவரை நோயாளி என்று ஏற்றுக்கொள்வதும், சட்டம் அவரைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதும் வெவ்வேறு என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. மனச்சிதைவு நோய் உள்ளவர் திட்டமிட்டு, ஆளில்லாத நேரம் பார்த்து, பணத்துக்காகக் கொலை செய்தால் அவர் குற்றவாளிதான்.

இந்த அளவுகோல் பிறந்தது 1843-ல், லண்டனில். டேனியல் மெக்நாட்டன் என்பவர் ஆளுங்கட்சி தன்னைத் துரத்தித் துரத்திக் கொல்லப் பார்க்கிறது என்று நம்பி, பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளர் எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டார். ஜூரிகள் அவரை விடுவித்தார்கள். ஊரே கொதித்தது. பிரபுக்கள் சபை நீதிபதிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. அவர்கள் சொன்ன விடைதான் விதியானது. 1860-ல் நம் தண்டனைச் சட்டத்துக்குள்ளும் அந்தக் கருத்து வந்து சேர்ந்தது. 'தப்பிவிட்டான்' என்று அன்று லண்டன் கொதித்ததே, அந்த மெக்நாட்டன் அதன்பின் வெளியுலகைப் பார்க்கவில்லை. பெத்லெம், பிராட்மூர் ஆகிய மனநோய் விடுதிகளில் 22 ஆண்டுகள் அடைபட்டிருந்து 1865-ல் இறந்தார்.

நடிப்பவர்களை டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

அரை மணி நேரம் பேசிப் பார்த்துச் சொல்லிவிடும் வேலை இல்லை இது. நீதிமன்றம் அனுப்பும் நபரை வழக்கமாக வார்டில் சேர்த்துப் பல நாள் கவனிப்பார்கள். தமிழ்நாட்டில் இதற்குப் பழைய, பெரிய இடம் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம். 1794-ல் கிழக்கிந்திய கம்பெனி காலத்தில் தொடங்கிய அந்த மருத்துவமனையில் சட்டம் சார்ந்த நோயாளிகளுக்கென்றே வார்டு இருக்கிறது.

அங்கே முக்கியமான சாட்சி பல நேரம் டாக்டர் இல்லை, இரவுப் பணி செவிலியர். சாப்பிட்டாரா, குளித்தாரா, யாரும் பார்க்காத நேரத்தில் தனக்குத்தானே பேசினாரா, எத்தனை மணிக்குத் தூங்கினார் என்பதெல்லாம் கேஸ் ஷீட்டில் ஏறும். நடிப்பவர் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது ஆடுவார், மற்ற நேரத்தில் பக்கத்துக் கட்டிலோடு கிரிக்கெட் பேசுவார். இரவெல்லாம் விழித்திருப்பதை இரண்டு நாள் நடிக்கலாம், இரண்டு வாரம் முடியாது.

நடிப்பவருக்குத் தெரிந்த மனநோய் சினிமாவில் பார்த்த மனநோய். எனவே உரக்கச் சிரிப்பார், பூதம் தெரிகிறது என்பார், இரண்டும் இரண்டும் ஐந்து என்பார். உண்மையான மனச்சிதைவு பெரும்பாலும் இத்தனை ஆரவாரமாக இருக்காது. முகத்தில் உணர்ச்சி வற்றிப்போயிருக்கும், பேச்சு கோவையற்று ஓடும், உடம்பைக் கவனிக்கத் தோன்றாது. இந்த அமைதியான அறிகுறிகளை நடிக்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றுவதில்லை. காதில் கேட்கும் குரலைப் பற்றி விவரமாகக் கேட்டாலும் வித்தியாசம் புலப்படும். ஆணா பெண்ணா, ஒரே குரலா, டிவி சத்தத்தை வைத்தால் குறைகிறதா என்று கேட்டால், வருடக்கணக்காக அதோடு வாழ்ந்தவர் அதைச் சமாளிக்கக் கண்டுபிடித்த வழிகளையும் சேர்த்துச் சொல்வார். நடிப்பவர் அங்கே தடுமாறுவார். இன்னொன்று: நடிப்பவர் தனக்கு நோய் என்று நிரூபிக்கத் துடிப்பார். நோயாளியோ, பெரும்பாலும், "எனக்கு ஒண்ணும் இல்லை சார், என்னை விடுங்க" என்பார்.

உளவியல் பரிசோதனைகளும் உண்டு. அவற்றில் யாருக்கும் பொதுவாக இல்லாத, ஆனால் கேட்டால் 'பைத்தியக்காரத்தனமாக' ஒலிக்கும் அறிகுறிகளை நடுநடுவே வைத்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறவர் அகப்பட்டுக்கொள்வார்.

இதன் மறுபக்கம் எனக்குப் பெரிய கவலை தருகிறது. கைதான அன்று ஒருவர் முற்றிய நோயில் இருந்திருக்கலாம். சிறையில் மாத்திரை கொடுத்துத் தெளிய வைத்திருப்பார்கள். மாதங்கள் கழித்து மருத்துவர் முன் வந்து உட்காரும்போது அவர் ஒழுங்காகத் தலைசீவிய, நிதானமாகப் பேசும் மனிதர். அன்றைய நிலையை இன்று மீட்டெடுக்க வேண்டும். அதற்குக் கைதின்போது எடுத்த வீடியோ, ரிமாண்ட் செய்த மாஜிஸ்திரேட்டின் குறிப்பு, சிறையில் சேர்க்கும்போது எழுதிய மருத்துவப் பதிவு, அண்டை வீட்டார் வாக்குமூலம், பழைய சீட்டுகள் என்று எல்லாம் வேண்டும். கைதானவருக்கு மனநோய் இருந்த வரலாறு புலன்விசாரணையில் தெரிய வந்தால், அவரை மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தி அந்தச் சான்றை நீதிமன்றத்தின் முன் வைப்பது நேர்மையான விசாரணை அதிகாரியின் கடமை என்றும், அப்படிச் செய்யாவிட்டால் சந்தேகத்தின் பலன் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, போகும் என்றும் 2007-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. காவல் நிலையங்களில் ஒட்டிவைக்க வேண்டிய வாசகம் அது.

டாக்டர் எழுதிக்கொடுத்துவிட்டால் நீதிபதி அதை ஏற்றுத்தான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. மருத்துவர் நிபுணர் சாட்சி, அவ்வளவுதான். பாரதிய சாட்சிய அதினியத்தின் 39-வது பிரிவுப்படி அவர் கருத்து சொல்வார். அரசு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் அதைப் பிரித்து மேய்வார். இந்தக் காரணத்தால்தான் நல்ல மருத்துவர்கள் 'இவர் நிரபராதி' என்று அறிக்கையில் எழுதுவதில்லை. என்ன நோய், அது சிந்தனையை எப்படிப் பாதிக்கும், எந்த ஆதாரங்களை வைத்து இதைச் சொல்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

நிரூபிக்கும் பொறுப்பு எதிரியுடையது. அதினியத்தின் 108-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அரசுத் தரப்பைப் போல ஐயம் திரிபற நிரூபிக்கத் தேவையில்லை. உரிமையியல் வழக்கில் போல, இப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்பது 1964-லிருந்து உச்ச நீதிமன்றத்தின் நிலை.

ஒரு வழக்கைப் பார்ப்போம். மகாராஷ்டிரத்தில் காவலர் ஒருவர் மனைவியைக் கல்லால் தாக்கிக் கொன்றார். கீழமை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் தண்டித்தன. 2002-ல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. காரணங்களைப் பாருங்கள்: குடும்பத்தில் மனநோய் வரலாறு, அவருக்கே நெடுநாள் சிகிச்சை, சம்பவத்துக்குப் பிறகு சில மாதங்களில் மட்டும் 25 முறை மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்ட பதிவு, கொலைக்கு வலுவான காரணம் இல்லாதது, பட்டப்பகலில் செய்தது, ஓடவோ மறைக்கவோ முயலாதது. இவற்றில் எந்த ஒன்றும் தனியாக அவரைக் காப்பாற்றியிருக்காது. எல்லாம் ஒரே திசையைக் காட்டியதால்தான் தீர்ப்பு மாறியது.

அன்று தெளிவாக இருந்தவர் வழக்கு நடக்கும்போது நோயாளி ஆகிவிட்டால்?

இது தனிக் கேள்வி. பலரும் முந்தையதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இங்கே பார்ப்பது இன்றைய நிலை. தன் மேல் என்ன குற்றச்சாட்டு, எதிரே உட்கார்ந்திருப்பது யார், வக்கீலிடம் என்ன சொல்ல வேண்டும் என்று புரியாத ஒருவரை வைத்து விசாரணை நடத்துவது நீதியாகாது. எனவே குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 367, 368-வது பிரிவுகள் விசாரணையைத் தள்ளிவைக்கச் சொல்கின்றன. மருத்துவரின் முடிவு பிடிக்காவிட்டால் மருத்துவக் குழுவிடம் மேல்முறையீடும் செய்யலாம். தெளிந்ததும் வழக்கு மறுபடி தொடங்கும். அதாவது இது விடுதலை இல்லை, ஒத்திவைப்பு.

விடுதலையானால் மறுநாளே தெருவில் நடமாடுவாரா?

மாட்டார். முதலில் ஒன்று: சித்தக் கலக்கத்தால் விடுவிக்கும்போது, அந்தச் செயலை அவர் செய்தாரா இல்லையா என்பதைத் தீர்ப்பில் வெளிப்படையாக எழுத வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. இறந்தவரின் குடும்பத்துக்கு அந்த ஒரு வரி முக்கியம். அவர் செய்தார் என்று தெரிந்தால், சுரக்‌ஷா சன்ஹிதாவின் 374-வது பிரிவின்படி பாதுகாப்பான காவலில் வைக்க உத்தரவாகும். அல்லது, அவருக்கும் பிறருக்கும் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வதாக உத்தரவாதம் தரும் உறவினரிடம் ஒப்படைக்கலாம். வெளியே விடலாம் என்று மருத்துவச் சான்று வந்த பிறகும் அதிகாரிகள், விசாரணைக் குழு என்று படிகள் உண்டு.

காவலுக்கு முடிவு நாள் இல்லை என்பதுதான் இதில் கொடுமை. தண்டனை பெற்றவருக்கு வருடக் கணக்கு உண்டு. இவருக்குக் கிடையாது. குணமானபின் அழைத்துப் போக ஆள் வராவிட்டால் வார்டே வீடாகிவிடும்.

அசாமைச் சேர்ந்த மச்சாங் லாலுங் கதையை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1951-ல், இருபதுகளின் தொடக்கத்தில், ஒருவரைத் தாக்கிக் காயப்படுத்தியதாகக் கைதானார். தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967-ல் குணமாகிவிட்டார் என்று மருத்துவர்கள் எழுதினார்கள். அவரை வீட்டுக்கும் அனுப்பவில்லை, விசாரணைக்கும் அனுப்பவில்லை, குவாஹாத்தி சிறைக்கு அனுப்பினார்கள். அங்கே மறந்துபோனார்கள். 2005 ஜூலையில், தேசிய மனித உரிமைகள் ஆணையம் தலையிட்ட பிறகு, ஒரு ரூபாய் சொந்தப் பிணையில் வெளியே வந்தார். 54 ஆண்டுகள்! குற்றம் நிரூபணமாகவில்லை, விசாரணையே நடக்கவில்லை. ஊருக்குத் திரும்பியபோது வயது 77. உச்ச நீதிமன்றம் மூன்று லட்ச ரூபாய் இழப்பீடும் மாதம் ஆயிரம் ரூபாயும் தரச் சொன்னது. 2007-ல் அவர் இறந்துபோனார். மனநோயைச் சொல்லித் தப்பியவர்களைப் பற்றி எத்தனையோ பேசுகிறோம். மனநோயால் தொலைந்துபோன இவரைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறோம்?

2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தபின் நிலைமை காகிதத்திலாவது மாறியிருக்கிறது. அதன் 103-வது பிரிவுப்படி, சிறைக்குள் மனநோயாளிகள் இல்லை என்று சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்துக்குச் சான்று அனுப்ப வேண்டும். ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவில் மனநலச் சிகிச்சை மையம் இருக்க வேண்டும். சான்று ஒழுங்காகப் போகிறதா, அதை வாரியம் படிக்கிறதா என்று கேட்க வேண்டியது நாம்.

குடிபோதையில் செய்தேன், கஞ்சா போதையில் செய்தேன் என்றால்?

தானாக ஏற்றிக்கொண்ட போதை தற்காப்பு ஆகாது. தனக்குத் தெரியாமலோ தன் விருப்பத்துக்கு மாறாகவோ பிறர் கொடுத்த போதைக்குத்தான் நியாய சன்ஹிதாவின் 23-வது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. நெடுங்காலக் குடியால் மூளையே பாதிக்கப்பட்டு, போதை இல்லாத நேரத்திலும் குரல் கேட்கும் நிலைக்கு வந்தவர் விஷயம் வேறு. அது நோய் என்று வாதம் வைக்க இடமுண்டு.

டாக்டரிடம் மனம் விட்டுச் சொன்னதெல்லாம் கோர்ட்டுக்குப் போய்விடுமா?

யாரிடம் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொன்னதை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை மனநலப் பராமரிப்புச் சட்டம் தருகிறது. நீதிமன்ற ஆணை போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. நீதிமன்றம் நியமித்த மருத்துவர் நிலை அப்படியல்ல. அவர் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். எனவே பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே, "நீங்கள் சொல்வது அறிக்கையில் வரும், சொல்ல விருப்பமில்லாததைச் சொல்ல வேண்டாம்" என்று அவர் தெரிவித்துவிட வேண்டும். சிகிச்சை தருபவரும் மதிப்பீடு செய்பவரும் வெவ்வேறு ஆளாக இருப்பதே நல்லது. ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், மாவட்ட மருத்துவமனையில் இரண்டு வேலையும் ஒருவர் தலையில்தான் விழுகிறது. இது அவர் குற்றம் இல்லை. ஆனால் கைதியின் நம்பிக்கை அங்கே உடைகிறது.

உண்மை கண்டறியும் ஊசி போட்டால் எல்லாம் தெரிந்துவிடுமே?

தெரியாது. அரைமயக்கத்தில் மனிதர் பேசுவார். உண்மைதான் பேசுவார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. கற்பனையும் வரும், கேள்வி கேட்பவர் ஊட்டியதும் வரும். 2010 மே மாதம் செல்வி என்பவரின் வழக்கில், சம்பந்தப்பட்டவர் சம்மதம் இல்லாமல் நார்கோ எனும் இந்த ஊசிச் சோதனை, பொய் கண்டறியும் சோதனை, மூளை அலைச் சோதனை எதையும் நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சம்மதத்தோடு நடத்தினாலும் அந்த முடிவை மட்டும் சாட்சியமாக வைக்க முடியாது.

தூக்குத் தண்டனை உறுதியான பிறகு மனநோய் வந்தால்?

2014 ஜனவரியில் 15 பேரின் தூக்குத் தண்டனையை உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தபோது, மனநோயும் அப்படிக் குறைக்க ஒரு காரணம் என்று ஏற்றுக்கொண்டது. 2019-ல், பெயர் வெளியிடப்படாத ஒரு கைதியின் வழக்கில், தண்டனைக்குப் பின் வந்த கடுமையான மனநோயும் அந்தக் கணக்கில் சேரும் என்றது. தான் ஏன் கொல்லப்படுகிறோம் என்று புரிந்துகொள்ள முடியாத ஒருவரைத் தூக்கிலிடுவதில் தண்டனை என்ற கருத்தே அர்த்தம் இழக்கிறது என்பது அடிப்படை. 2022-ல் இன்னொரு படி: மரண தண்டனை கேட்கும் வழக்குகளில் எதிரியின் மனநல மதிப்பீட்டை விசாரணை நீதிமன்றத்திலேயே வாங்கிவிட வேண்டும். இது முப்பது வருடம் முன்பே வந்திருக்க வேண்டிய நடைமுறை என்பது என் கருத்து.

நான் மனநல மாத்திரை சாப்பிடுகிறேன். இதை வைத்து விவாகரத்து கேட்பார்களா, சொத்தைப் பிடுங்குவார்களா?

கேட்கலாம், கேட்டவுடன் கிடைத்துவிடாது. சேர்ந்து வாழ்வதை நியாயமாக எதிர்பார்க்க முடியாத அளவுக்குத் தீவிரமான நோயாக இருந்தால்தான் இந்து திருமணச் சட்டம் விவாகரத்துக்கு இடம் தருகிறது. மனச்சிதைவு என்று சீட்டில் எழுதியிருப்பது மட்டும் போதாது, நோயின் அளவைப் பார்க்க வேண்டும் என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதிர்த்தரப்பு கொண்டுவந்த மனநோய்ச் சான்றை நீங்கள் மறுத்தால், நீதிமன்றம் அதை மனநல மறுஆய்வு வாரியத்தின் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும்.

அதைவிட முக்கியமானது 2017 சட்டத்தின் 3-வது பிரிவு. ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்பதால் மட்டும் அவர் சித்தம் கலங்கியவர் ஆகிவிட மாட்டார். அப்படி அறிவிக்கத் தகுதியான நீதிமன்றத்தால் மட்டுமே முடியும். உயிலும் அப்படித்தான். நோயுள்ளவரும் தெளிவாக இருக்கும் காலத்தில் உயில் எழுதலாம். பின்னால் தகராறு வரும் என்று தோன்றினால், எழுதும் நாளிலேயே மனநல மருத்துவரிடம் போய் மதிப்பீடு செய்து வைத்துக்கொள்வது நல்லது. வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். அந்தப் பயத்தில் மருத்துவமனைப் பக்கமே போகாதவர்கள் எத்தனையோ பேர். நோய் முற்றுவது அங்கேதான்.

வீட்டில் மனநோய் உள்ள ஒருவர் கைதாகிவிட்டால் குடும்பம் என்ன செய்ய வேண்டும்?

முதல் நாளே செய்ய வேண்டியது, நோய் விவரத்தை எழுத்தில் சொல்வது. காவல் நிலையத்தில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரிமாண்டுக்குக் கொண்டுபோகும்போது வக்கீல் மூலம் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லுங்கள். அவர் எழுதும் ஒரு வரி இரண்டு வருடம் கழித்து வழக்கையே மாற்றலாம். பழைய ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். கோயிலிலோ தர்காவிலோ தங்கவைத்திருந்தால் அதற்கும் யாராவது சாட்சி இருப்பார்கள், கேட்டு வையுங்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரையின் பெயரைச் சிறை மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள், இடைவெளி விடக் கூடாது.

விசாரணை தள்ளிப்போகும் நிலையில், உள்நோயாளியாக இருக்கத் தேவையில்லை என்று மருத்துவர் சொன்னால், ஜாமீனில் விட முடியாத குற்றமாக இருந்தாலும்கூடச் சிகிச்சைக்கு உறவினர் பொறுப்பேற்று அழைத்துப் போகச் சட்டத்தில் வழி இருக்கிறது. இதைக் கேட்டால்தான் கிடைக்கும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் அந்தந்த நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். காவலில் இருப்பவருக்கும் மனநோயாளிக்கும் அங்கே கட்டணம் இல்லாமல் வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம். மனநல ஆலோசனைக்கு அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.